அரை மில்லி

ஹனூரைத் தாண்டி மாதேஸ்வரன் மலைக்குப் போகிற சாலையில், தடுப்பூசி நாளன்று ஏதாவது ஓர் அங்கன்வாடியில் போய் உட்கார்ந்து பாருங்கள். கிராமச் செவிலியான ஏ.என்.எம். சிஸ்டர் இரண்டு பெட்டிகளோடு வருவார். ஒன்று தடுப்பூசி இருக்கும் குளிர்பெட்டி. பகல் முழுக்க அது திறந்து திறந்து மூடப்படும். இன்னொன்று கைக்கு அடக்கமான சின்னப் பெட்டி. அதைத் திறக்க வேண்டிய நேரமே வராமல் அன்றைய வேலை முடிய வேண்டும் என்றுதான் அவர் அதைச் சுமந்து வருகிறார். உள்ளே மூன்று ஆம்பூல் (மூடி முத்திரையிட்ட மருந்துக் குப்பி), சில சிரிஞ்சு, ஒரு அங்குல ஊசிகள், பஞ்சு, எந்த வயதுக்கு எவ்வளவு என்று எழுதிய ஒரு அட்டை. அவ்வளவுதான்.

அந்த ஆம்பூலைக் கையில் வாங்கிப் பார்த்தால் சுண்டுவிரலைவிடச் சின்னது. பழுப்புக் கண்ணாடி. வெளிச்சம் பட்டால் உள்ளிருப்பது கெட்டுவிடும் என்பதால் அந்த நிறம். உள்ளே ஒரு மில்லி நீர். அதில் கரைந்திருப்பது ஒரே ஒரு மில்லிகிராம் அட்ரினலின். தூள் உப்பில் ஒரு சிட்டிகை எடுத்தால் அதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. வளர்ந்த ஆளுக்கு அதிலும் பாதி போதும். அரை மில்லி. தேனீ கொட்டியோ, ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமலோ, வேர்க்கடலை தின்றோ மூச்சு மூடிக்கொண்டு விழுகிற ஒரு மனிதரை எழுப்பி உட்கார வைக்கக்கூடிய பொருள் அந்த அரை மில்லிதான். அதன் இடத்தில் வைக்க வேறு மருந்து கிடையாது.

இந்தப் பொருள் ஹனூர் வரைக்கும் வந்து சேர்ந்த கதை நீளமானது. வந்த பிறகும் கடைசி ஒரு முழ தூரத்தைக் கடக்க முடியாமல் அது பல இடங்களில் நின்றுவிடுகிறது. எனக்கு வயிறு எரிவது அங்கேதான்.

ஹனூர் இன்று சாமராஜநகர் மாவட்டம். 1997 வரை மைசூர் மாவட்டம். அதற்கும் முன்னால், 1956 நவம்பர் 1 வரை, கொள்ளேகால் தாலுகாவோடு சேர்ந்து கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். எல்லைக்கோடு மாறினாலும் பக்கத்து ஊர்களான மார்ட்டள்ளியிலும் கோபிநத்தத்திலும் வீட்டுக்குள் பேசுகிற பேச்சு மாறவில்லை. சந்தையில் கன்னடம், அடுப்படியில் தமிழ். ஒருபக்கம் மாதேஸ்வரன் மலைக்காடு, ஒருபக்கம் காவிரிக் காடு, நடுவே ராகியும் சோளமும் விளைகிற மேட்டுக்காடுகள். பழங்குடிகளான சோளகர்கள் தேனெடுக்கிற மலை இது. பாறை முகட்டிலும் உயர்ந்த மரக்கிளையிலும் பாய் விரித்த மாதிரித் தொங்குகிற பெரிய அடை மலைத்தேனீயுடையது, கன்னடத்தில் ஹெஜ்ஜேனு. அது கலைந்தால் ஒன்று இரண்டாகக் கொட்டாது.

தேனீ கொட்டுவதில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. ஊரில் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறோம். நூற்றுக்கணக்கில் கொட்டினால் விஷத்தின் அளவே ஆளைக் கொல்லும், அது நஞ்சு. ஒரே ஒரு தேனீ கொட்டி ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர் சாய்கிறார் என்றால் அது நஞ்சல்ல, அவருடைய உடம்பு அந்த விஷத்துக்குக் காட்டுகிற மூர்க்கம். முதல்முறை கொட்டியபோது வீக்கத்தோடு போயிருக்கும். சுண்ணாம்பு தடவி ஆறியிருக்கும். ஆனால் சிலருடைய உடம்பு அந்த விஷத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு, அதற்கென்றே ஒரு எதிர்ப்பொருளைச் செய்து காத்திருக்கும். அடுத்த முறை அதே விஷம் உள்ளே வந்ததும் தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் பரவிக் கிடக்கும் மாஸ்ட் அணுக்கள் ஒரே நேரத்தில் வெடித்து ஹிஸ்டமின் முதலானவற்றைக் கொட்டுகின்றன. ரத்தக் குழாய்கள் தொளதொளத்து விரிகின்றன. அவற்றின் சுவரில் கசிவு ஏற்பட்டு ரத்த நீர் திசுக்களுக்குள் இறங்குகிறது. உதடும் நாக்கும் தடிக்கின்றன. மூச்சுக்குழாய் இறுகுகிறது. "கண்ணு இருட்டிட்டு வருது" என்று அவர் சொன்னால் அது பயத்தில் சொல்வதல்ல. ரத்த அழுத்தம் உண்மையிலேயே கீழே போய்க்கொண்டிருக்கிறது.

இந்த விபரீதத்துக்குப் பெயர் வந்தது ஒரு நாயால். 1901இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் போன சார்ல்ஸ் ரிஷே, போல் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் கடல் சொறி வகை உயிர்களின் விஷத்தை ஆராயத் தொடங்கினார்கள். ஊர் திரும்பிய பின் கடல் அனிமோனியின் விஷத்தை நாய்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார்கள். தடுப்பூசி போல இதற்கும் உடம்பு பழகிக்கொள்ளும் என்பது அவர்கள் எண்ணம். நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கி நன்றாகவே இருந்தது. 22 நாள் கழித்து அதே அளவு மறுபடி போட்டார்கள். சில நொடிகளில் மூச்சிரைப்பு, வாந்தி. 25 நிமிடத்தில் இறந்துவிட்டது. காப்புக்கு நேர் எதிரானது என்ற பொருளில் ரிஷே இதற்கு அனாஃபிலாக்ஸிஸ் என்று பெயர் வைத்தார். 1913இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காணாக்கடி என்று நாம் சொல்லும் தோல் தடிப்பில் தொடங்கி மரணத்தில் முடியக்கூடிய ஒன்றுக்கு அறிவியலில் ஓர் இடம் கிடைத்தது அப்போதுதான்.

நோய்க்குப் பெயர் வருவதற்கு முன்பே மருந்து பிறந்துவிட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். நம் இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அதன் சாற்றை உள்ளே செலுத்தினால் ரத்த அழுத்தம் விர்ரென்று ஏறுகிறது என்பதை 1890களின் நடுவில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஆலிவரும் எட்வர்ட் ஷேஃபரும் காட்டினார்கள். அந்தச் சாற்றுக்குள் வேலை செய்கிற பொருள் எது? அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்கப் பலர் மல்லுக்கட்டினார்கள். 1900இல் நியூயார்க்கில் இருந்த ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே, தம் உதவியாளர் கெய்சோ உவேனகாவோடு அதைப் படிகமாக எடுத்துவிட்டார். கசாப்புக் கூடங்களில் எறியப்படும் மாட்டுச் சுரப்பிதான் மூலப்பொருள். பார்க்-டேவிஸ் நிறுவனம் அதை அட்ரினலின் என்ற வணிகப் பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. சிறுநீரகத்தை ஒட்டியது என்பதுதான் அந்த லத்தீன் சொல்லின் பொருள். அமெரிக்க வேதியியலாளர் ஜான் ஏபெல் இதையே கிரேக்கத்தில் எபிநெஃப்ரின் என்று சொன்னார். அந்தப் பெயர்ச் சண்டை இன்னும் ஓயவில்லை. தகாமினேயின் சொந்த நாடான ஜப்பான் தன் மருந்து நூலில் அட்ரினலின் என்ற பெயருக்குத் திரும்பியதே 2006இல்தான்.

1904இல் ஜெர்மனியில் ஃபிரீட்ரிஷ் ஸ்டோல்ஸ் இதைச் சுரப்பி இல்லாமலே ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டினார். உடம்பு சுரக்கும் ஒரு ஹார்மோனை மனிதன் செயற்கையாகச் செய்தது அதுவே முதல் முறை. மருந்து மலிவாகும் வழி அப்போதே திறந்துவிட்டது. இன்று நம் நாட்டிலேயே இது தயாராகிறது. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது; ஒரு ஆம்பூலின் விலை ஒருவேளைச் சாப்பாட்டுக்குள் அடங்கும். இவ்வளவு பழைய, இவ்வளவு மலிவான, இவ்வளவு நிச்சயமான மருந்து மருத்துவத்தில் அதிகம் கிடையாது.

உள்ளே போனதும் அது செய்கிற வேலையைச் சொல்ல வேண்டும். விரிந்து தொளதொளத்த ரத்தக் குழாயை இறுக்கிப் பிடிக்கிறது. கசிவு குறைகிறது, அழுத்தம் ஏறுகிறது, தொண்டை வீக்கம் வடிகிறது. இதயத்தைப் பலமாக அடிக்க வைக்கிறது. மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைத் தளர்த்துகிறது. வெடித்துக்கொண்டிருக்கும் மாஸ்ட் அணுக்களையும் அடக்குகிறது. ஒவ்வாமை எங்கெல்லாம் கை வைத்ததோ அங்கெல்லாம் போய் அந்தக் கையை எடுத்துவிடுகிறது.

ஒவ்வாமைக்கு வழக்கமாகப் போடுகிற அவில் ஊசி அப்படியல்ல. ஹிஸ்டமின் உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்து அரிப்பையும் தடிப்பையும் அடக்கும். மூடுகிற மூச்சைத் திறக்காது, விழுகிற அழுத்தத்தைத் தூக்காது. ஸ்டீராய்டு மருந்துகளான டெக்ஸாவும் ஹைட்ரோகார்ட்டிசோனும் வேலை தொடங்கவே மணிக்கணக்காகும். ஆனாலும் எங்கள் பக்கத்தில் "அலர்ஜி ஊசி" என்றால் அவிலும் டெக்ஸாவும்தான். போட்ட பிறகு திண்ணையில் உட்காரச் சொல்வார்கள். அட்ரினலின் அலமாரியில் இருக்கும், கையெட்டும் தூரத்தில். கடைசி ஒரு முழம் என்று நான் சொன்னது இதைத்தான். அலமாரியிலிருந்து தொடை வரைக்கும் உள்ள தூரம் அது.

ஏன் தயங்குகிறார்கள் என்பதற்கு நியாயமான ஒரு காரணம் இருக்கிறது. இதே ஆம்பூல்தான் இதயம் நின்றவருக்கும் போடப்படுகிறது. அங்கே ஒரு மில்லிகிராம் முழுதும், நேராக ரத்தக் குழாயில். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அட்ரினலின் என்றால் கடைசி ஊசி. உயிரோடு பேசிக்கொண்டிருக்கிறவருக்கு அதே மருந்தை நீர்க்காமல் ரத்தக் குழாயில் போட்டுவிட்டால் இதயம் தாறுமாறாக ஓடி ஆபத்தாகிவிடும்; அப்படி நடந்ததும் உண்டு. அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் தொடைத் தசையில் அரை மில்லி என்பது வேறு வழி, வேறு அளவு. கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், முகம் வெளுக்கும், பிறகு அடங்கும். ஒரு பரீட்சை அறைக்குள் நுழையும்போது நம் உடம்பே நமக்கு ஊற்றிக்கொள்கிற மருந்துதான் அது.

இடம் ஏன் தொடை என்பதற்கும் கணக்கு உண்டு. கனடாவின் வின்னிபெக்கில் எஸ்டெல் சைமன்ஸ் என்ற ஒவ்வாமை மருத்துவர் குழந்தைகளிடம் அளந்து பார்த்தார். தொடைத் தசையில் போட்டால் ரத்தத்தில் அட்ரினலின் உச்சத்துக்கு வரச் சராசரியாக 8 நிமிடம். தோலுக்கடியில் போட்டால் 34 நிமிடம். தொடையின் வெளிப்பக்க நடுவில் பெரிய தசை, நிறைய ரத்த ஓட்டம். புடவையோ வேட்டியோ அந்த இடத்தில் எளிதாக விலகும். பிரிட்டனில் அனாஃபிலாக்ஸிஸ் மரணங்களை ஆராய்ந்தபோது, மருத்துவமனையில் ஊசி மருந்தால் வந்ததில் பாதிப் பேருக்கு ஐந்து நிமிடத்துக்குள்ளும், கொட்டியதால் வந்ததில் பதினைந்து நிமிடத்துக்குள்ளும், உணவால் வந்ததில் அரைமணிக்குள்ளும் மூச்சோ இதயமோ நின்றிருந்தது தெரியவந்தது. இந்த எண்களை நான் ஹனூர் சாலையில் வைத்துத்தான் படிக்கிறேன். மலை மேலிருந்து ஹனூருக்குக் கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீட்டர். நடுவில் கொண்டை ஊசி வளைவுகள். 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு விரட்டி வந்தாலும் பதினைந்து நிமிடம் என்பது அந்தச் சாலையில் நடவாத காரியம். ஆகவே மருந்து மனிதர் இருக்கிற இடத்திலேயே காத்திருக்க வேண்டும். அங்கன்வாடிக்கு வருகிற அந்தச் சின்னப் பெட்டியின் அருமை அங்கே தெரிகிறது.

அந்தப் பெட்டியைக் கொடுத்ததோடு நடுவண் அரசு இன்னொன்றும் செய்தது. டாக்டர் வரும்வரை காத்திராமல், ஏ.என்.எம். தாமே ஒருவேளை அட்ரினலினைத் தொடையில் போட்டுவிட்டு மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று சொன்னது. நாடெங்கும் கிராமங்களில் தனியாக ஊசி போடுகிற பெண்களின் கையில் இந்த அதிகாரம் வந்தது பெரிய விஷயம். அளவு தவறாமலிருக்க இன்சுலின் சிரிஞ்சைக்கூடப் பயன்படுத்துகிறார்கள். நாற்பது கோடு போட்ட சிரிஞ்சில் பெரியவருக்கு இருபது கோடு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இரண்டே கோடு. கண்ணருகே வைத்துப் பார்த்தால்தான் அந்த இரண்டு கோடு தெரியும். தடுப்பூசியால் இப்படி ஒவ்வாமை வருவது மிக மிக அரிது. கொரோனா காலத்தில் ஊசி போட்டதும் அரைமணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்தார்களே, அது இந்த அரிதானதற்காகத்தான். கோடிக்கணக்கான ஊசிகளுக்குப் பிறகு, அனாஃபிலாக்ஸிஸ் ஒன்றால் நேர்ந்த மரணத்தை நடுவண் அரசின் குழு 2021இல் உறுதிசெய்தது.

ஹனூர் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் இந்த ஆம்பூலுக்கு அதிக வேலை வைக்கக்கூடியது வேறொன்று: பாம்புக்கடி. ராகிக் காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் கண்ணாடி விரியன் உண்டு. கர்நாடகம் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டியதாக 2024 பிப்ரவரியில் ஆக்கியது. கடிபட்டவருக்கு ஏற்றுகிற விஷமுறிவு மருந்தின் வழி மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் தொடங்குகிறது. 1978இல் உருவான இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் விரியனின் விஷம் எடுக்கப்படுகிறது. அந்த விஷம் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தப்பட்டு, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள்தான் மருந்தாகிறது. உயிர் காக்கிற மருந்து, ஆனால் குதிரையின் புரதம். மனித உடம்பு பல நேரம் அதைப் பகையாக எடுத்துக்கொள்கிறது. விரியன் கடித்துப் பிழைக்க வந்தவர், மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் தடித்து, குளிர் நடுங்கி, மூச்சு முட்டி விழுவார்.

இதை நேருக்கு நேர் நின்று ஆராய்ந்தவர்கள் இலங்கை மருத்துவர்கள். அங்கும் ஏற்றப்பட்டது இந்தியாவில் செய்த விஷமுறிவுதான். 2011இல் வெளியான அவர்களின் ஆய்வில் பாம்புக்கடி பட்ட 1007 பேர் பங்கெடுத்தார்கள். அவர்களில் நான்கில் மூன்று பேருக்கு ஏதாவது ஓர் ஒவ்வாமை வந்தது. விஷமுறிவுக்கு முன்பே அட்ரினலினை மிகக் குறைந்த அளவில், கால் மில்லிகிராம் மட்டும், தோலுக்கடியில் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43 விழுக்காடு குறைந்தது. கூடவே இரண்டு மருந்துகளையும் சோதித்தார்கள்: அவிலின் வகையைச் சேர்ந்த புரோமெதசின், ஹைட்ரோகார்ட்டிசோன். இரண்டும் ஒன்றும் தடுக்கவில்லை. நம் ஆஸ்பத்திரிகளில் பழக்கத்தால் முதலில் போடுகிற இரண்டும் கைகொடுக்கவில்லை, தயங்கித் தயங்கி எடுக்கிற ஒன்று கைகொடுத்தது. நம் ஊர் விஷமுறிவை, நம்மைப் போன்ற வயல்காட்டு மனிதருக்கு ஏற்றிப் பார்த்துச் சொன்ன சாட்சி இது. இதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

கடல் கடந்த தமிழர் வீடுகளில் இதே மருந்து வேறு உருவத்தில் இருக்கிறது. டொரண்டோவில் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள தமிழ்க் குழந்தையின் புத்தகப்பையில் பேனா போன்ற ஒரு கருவி இருக்கும். மூடியை உருவித் தொடையில் அழுத்தினால் உள்ளிருக்கும் சுருள்வில் ஊசியைத் தானே பாய்ச்சும், அளவு தானே இறங்கும். நச்சுவாயுத் தாக்குதலில் சிப்பாய்கள் தாங்களே குத்திக்கொள்ள அமெரிக்கப் படைக்காகச் செய்த கருவியின் வழிவந்தது அது. எபிபென் என்ற பெயரில் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒன்டாரியோ மாகாணம் 2005இல் சப்ரினா சட்டம் கொண்டுவந்து, எல்லாப் பள்ளிகளும் இத்தகைய குழந்தைகளுக்கு அவசரத் திட்டம் வைத்திருக்க வேண்டும், ஆசிரியர்கள் பழகியிருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. 2016இல் அமெரிக்காவில் இரண்டு பேனாவின் விலை 600 டாலரைத் தொட்டபோது பெற்றோர்கள் கொதித்தார்கள். உள்ளே இருக்கும் மருந்து நம் ஆம்பூலில் உள்ளதேதான்.

நம் ஊர் மருந்துக் கடையில் அந்தப் பேனாவைக் கேட்டுப் பார்த்தால் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. அதனால் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சில மருத்துவர்கள் ஆம்பூலும் சிரிஞ்சும் கொடுத்து வீட்டாருக்குப் பழக்கிவிடுகிறார்கள். அது எளிதல்ல. ஆம்பூலின் கழுத்தில் சுண்டி, மேலே ஒட்டிய துளியைக் கீழே இறக்கி, பஞ்சைச் சுற்றி வெளிப்பக்கமாக ஒடிக்க வேண்டும். விரல் வெட்டும். கண்ணாடித் துணுக்கு விழாமல் ஊசியை இறக்கி, அளவாக இழுத்து, காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும். இதையும் சைமன்ஸ் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறார். அவசரப் பிரிவு நர்ஸுகளுக்கு 29 வினாடி. பெற்றோர்களுக்கு 142 வினாடி, இழுத்த அளவும் ஆளுக்கு ஆள் வெகுவாக வேறுபட்டது. அது யாருடைய பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாத, அமைதியான அறையில். நாக்கு தடித்த பிள்ளை மடியில் கிடக்கும்போது எத்தனை வினாடி ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கவே மனசு நடுங்குகிறது. மலிவான விலையில் ஒரு பேனா நம் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோறும், தேன் சேகரிக்கிற சோளகர் குடியிருப்புகள் தோறும் வந்தாக வேண்டும் என்று நான் உரக்கவே சொல்வேன்.

இப்போது ஒரு தடுப்பூசி நாளில், பக்கத்துத் தோட்டத்தில் குளவி கொட்டிய ஒருவரைக் கைத்தாங்கலாக அந்த அங்கன்வாடிக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உடம்பெல்லாம் தடிப்பு, குரல் கம்மிப்போய், "தொண்டைய அடைக்குது சிஸ்டர்" என்கிறார். நம்மவர்கள் உடனே நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, விசிறுவார்கள். கூடாது. படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும், தண்ணீர் வேண்டாம். ரத்தம் காலுக்கு இறங்கிக் கிடக்கும்போது சட்டென்று எழுப்பி நிறுத்தினால் இதயத்துக்குத் திரும்ப ரத்தம் இல்லாமல் அந்த நொடியே போனவர்கள் உண்டு. மூச்சு முட்டிப் படுக்க முடியாதவர் மட்டும் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரலாம். சிஸ்டர் பெட்டியைத் திறக்கிறார். ஆம்பூலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். நீர் தெளிவாக இருக்கிறது. இளஞ்சிவப்போ பழுப்போ ஏறியிருந்தால் காற்றும் சூடும் பட்டு மருந்து வீரியம் இழந்திருக்கும். ஒடிக்கிறார். இருபது கோடு வரை இழுக்கிறார். தொடையின் வெளிப்பக்கம், நடுவில், நேராக. மணியைக் குறித்துக்கொள்கிறார். ஒருவர் 108ஐ அழைக்கிறார். ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் போனில் டாக்டரைக் கேட்டு இன்னொருமுறை.

மூன்றாவது, நான்காவது நிமிடத்தில் அவர் கை நடுங்கத் தொடங்குகிறது. நெஞ்சு படபடப்பதாகச் சொல்கிறார். சொல்லும்போது குரல் கொஞ்சம் திறந்திருக்கிறது.

உள்ளே அந்த அரை மில்லி ரொம்ப நேரம் தங்குவதில்லை. ரத்தத்துக்கு வந்து சேர்ந்த அட்ரினலின் இரண்டு மூன்று நிமிடத்தில் பாதியாகிவிடும்; தசையிலிருந்து புதிதாக ஊறி வருவதால்தான் வேலை கொஞ்ச நேரம் நீடிக்கிறது. கல்லீரலிலும் மற்ற திசுக்களிலும் உள்ள நொதிகள் அதை வெட்டி உருமாற்றுகின்றன. கடைசியில் வனிலில்மேண்டெலிக் அமிலமாகி, சிறுநீரகத்தின் தலையில் கண்டுபிடிக்கப்பட்ட பொருள் அதே சிறுநீரகம் வழியாக வெளியே போகிறது. அதற்குள் ஆம்புலன்ஸ் கொள்ளேகால் சாலையில் போய்க்கொண்டிருக்கும். மருந்து அடங்கிய பிறகு சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை இரண்டாம் முறை எழுந்து வருவதுண்டு. ஆகவே "நல்லாத்தான் இருக்கேன், வீட்டுக்குப் போறேன்" என்று அவர் சொன்னாலும் விடமாட்டார்கள். கட்டிலில் வைத்துப் பார்ப்பார்கள்.

அங்கன்வாடியில் சிஸ்டர் உடைந்த கண்ணாடியைக் கவனமாக அள்ளிப் போடுகிறார். பெட்டியில் இரண்டு ஆம்பூல் மிச்சம். நோட்டில் தேதியும் மணியும் அளவும் எழுதி, மூன்றாவதற்கு இன்டென்ட் போடுகிறார்.